ஓடும் த்ரெட்களுக்கு நடுவே கான்ஃபிக்கை மாற்றுவது: பைத்தானில் எந்த வழி எதற்கு?

ஒரு சர்வீஸில் 16 வொர்க்கர் த்ரெட்கள் (ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் வேலையோட்டங்கள்) ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல், டைம்அவுட், நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்ற வரம்பு, பத்துப் பன்னிரண்டு ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை ஆன்/ஆஃப் செய்யும் குறி) எல்லாம் கான்ஃபிக்கில், அதாவது அமைப்பு விவரங்களில், இருக்கின்றன. சர்வீஸை நிறுத்தாமல் இவற்றை மாற்ற வேண்டும். பைத்தானில் இதற்கு ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன: எல்லோரும் நேராகத் தொடும் டிக்ஷனரி, லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்ட டிக்ஷனரி, மாற்ற முடியாத நகலை மொத்தமாக மாற்றி வைப்பது, க்யூ வழியாக அனுப்புவது, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப்பிரதி.

பெரும்பாலான சர்வீஸ்களுக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் எந்த வழியை எடுப்பதற்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஆப்பரேஷன் அட்டாமிக்கா, அதாவது நடுவே அறுபடாமல் முடிவதா?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி: ஒரு வேலை தொடங்கி முடியும் வரை எந்தெந்த மதிப்புகள் ஒரே பதிப்பிலிருந்து வந்தாக வேண்டும்? முகவரியும் கடவுச்சொல்லும் ஜோடி. குறைந்தபட்ச வரம்பும் அதிகபட்ச வரம்பும் ஜோடி. லாகிங் லெவல் (எவ்வளவு விவரம் பதிவாக வேண்டும் என்ற அளவு) யாரோடும் சேராத தனி ஆள். இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிவிட்டாலே பாதி விடை தெரிந்துவிடும்.

நேராகத் தொடும் டிக்ஷனரி

சிபைத்தானில் (வழக்கமாக எல்லோரும் ஓட்டும் பைத்தான்) ஜிஐஎல், அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்டவிடும் பொதுப் பூட்டு, இருப்பதால் டிக்ஷனரியில் ஒரு கீயைப் படிப்பதும் எழுதுவதும், கீ சாதாரண ஸ்ட்ரிங்காக இருக்கும்வரை, பாதியில் அறுந்து போகாது. டிக்ஷனரியின் உள்ளமைப்பு கெட்டுப்போகவும் செய்யாது. இந்த உண்மையை வைத்துக்கொண்டு "கான்ஃபிக்குக்கு லாக்கே வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கீழே உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிப் பெயராக ஏற்கும் என்பதால் இவை அப்படியே ஓடக்கூடியவை:

```
இணைப்பு = திற(அமைப்பு["முகவரி"])
இணைப்பு.உள்நுழை(அமைப்பு["கடவுச்சொல்"])
```

முதல் வரி நெட்வொர்க்குக்குப் போகிறது. சாக்கெட் திறக்கக் காத்திருக்கும்போது த்ரெட் ஜிஐஎல்லை விட்டுவிடுகிறது. அந்தச் சில மில்லி நொடிகளில், கான்ஃபிக் ஃபைலை மறுபடி படிக்கும் ரீலோட் த்ரெட் ஓடி முகவரி, கடவுச்சொல் இரண்டையும் மாற்றிவிட்டால், பழைய சர்வருக்குப் புதிய கடவுச்சொல் போகும். "அங்கீகாரம் தோல்வி" என்று ஒரே ஒரு பிழை லாகில் (பதிவு ஃபைலில்) விழும். அடுத்த முயற்சி ஒழுங்காக ஓடும். காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். எழுதும் பக்கம் அப்டேட் மெத்தடை ஒரே அழைப்பாகப் போட்டிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் பிளவு படிப்பவரிடம் இருக்கிறது.

இதே வழியில் இன்னும் இரண்டு பொறிகள். ரீலோடில் முதலில் கிளியர், பிறகு அப்டேட் என்று எழுதுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே டிக்ஷனரி காலி. அந்த இடைவெளியில் வரும் த்ரெட்டுக்குக் கீஎரர். அடுத்தது, ஒரு த்ரெட் ஃபிளாக்குகளை லூப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று புதிய கீ சேர்த்தால், டிக்ஷனரியின் அளவு மாறிவிட்டது என்று ரன்டைம்எரர் வரும்.

கான்ஃபிக் ஃபைலைப் படித்துத் தரும் கன்ஃபிக்பார்சர் ஆப்ஜெக்ட்டையே பகிர்ந்துகொள்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அதே ஆப்ஜெக்ட்டில் ரீட் மெத்தடை மறுபடி அழைத்தால் பழையது அழிவதில்லை, புதியது அதன் மேல் சேர்கிறது. ஃபைலிலிருந்து நீக்கிய வரி மெமரியில் உயிரோடு இருக்கும். ஃபிளாக்கை ஃபைலில் எடுத்துவிட்டோம், ஆனாலும் அது வேலை செய்கிறதே என்ற குழப்பத்துக்குப் பலமுறை இதுவே காரணம். ஒவ்வொரு ரீலோடுக்கும் புதிய பார்சர் உருவாக்குங்கள்.

லாகிங் லெவல், ஒற்றை ஃபிளாக், ஒற்றை எண் போன்ற தனி ஆட்களுக்கு நேரடி டிக்ஷனரி போதும். அதற்கு மேல் வேண்டாம்.

லாக் போட்ட டிக்ஷனரி

த்ரெடிங் மாட்யூலின் லாக்கை எடுத்து, எடு, வை என்று இரண்டு மெத்தட் எழுதி, ஒவ்வொன்றிலும் லாக் பிடித்து விடுவது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் முகவரிக்கு ஒருமுறை லாக், கடவுச்சொல்லுக்கு இன்னொரு முறை லாக் என்றால் மேலே சொன்ன பிளவு அப்படியே இருக்கிறது. லாக் இருப்பதால் இங்கே பிரச்சினை இருக்காது என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது கூடுதல் ஆபத்து. ஜோடியாக வேண்டியவற்றை ஒரே லாக்குக்குள் எடுத்து, நகலாகக் கொடுக்கும் மெத்தட் வேண்டும்.

லாக்கைப் பிடித்துக்கொண்டே நெட்வொர்க் அழைப்பு செய்தால் 16 த்ரெட்டும் வரிசையில் நிற்கும். ஒரு டேட்டாபேஸ் 5 நொடி தாமதித்தால் மொத்த சர்வீஸும் 5 நொடி நிற்கும். ஃபைலைப் படிப்பதும் பார்ஸ் செய்வதும் லாக்குக்கு வெளியே முடிய வேண்டும்.

கான்ஃபிக் மாறியதும் அழைக்க வேண்டிய கால்பேக்குகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். லாக்கைப் பிடித்தபடி கால்பேக்கை அழைத்து, அந்தக் கால்பேக் கான்ஃபிக்கைப் படிக்க முயன்றால், ஒரே த்ரெட் தன்னையே எதிர்பார்த்து நிரந்தரமாக நின்றுவிடும். சாதாரண லாக்கை ஒரே த்ரெட் இரண்டுமுறை பிடிக்க முடியாது. ஆர்லாக் (ஒரே த்ரெட் மறுபடி பிடிக்கக்கூடிய லாக்) போட்டால் நிற்காது, ஆனால் கால்பேக் பாதி மாறிய நிலையைப் பார்க்கக்கூடும். லாக்கை விட்ட பிறகு கால்பேக்குகளை அழைப்பதே தீர்வு.

சிக்னலும் (ஓடும் ப்ராசஸுக்கு வெளியிலிருந்து வரும் அறிவிப்பு) இதே குழியில் விழும். சிக்னல் ஹேண்ட்லர் எப்போதும் மெயின் த்ரெட்டில்தான் ஓடும். மெயின் த்ரெட் லாக்கைப் பிடித்திருக்கும் நொடியில் சிக்ஹப் (ரீலோட் செய்யச் சொல்ல வழக்கமாக அனுப்பும் சிக்னல்) வந்து, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டால் கதை முடிந்தது. ஹேண்ட்லர் ரீலோடைத் தானே செய்யக் கூடாது. "ரீலோட் செய்" என்ற செய்தியைச் சிம்பிள்க்யூவில் போட்டுவிட்டுத் திரும்பட்டும், வேறொரு த்ரெட் அதை எடுத்துச் செய்யட்டும். பைத்தான் 3.7-இல் வந்த சிம்பிள்க்யூவின் புட் மெத்தட், தனக்குள்ளேயே குறுக்கிடப்பட்டாலும் நின்றுவிடாதபடி எழுதப்பட்டது. சாதாரண க்யூவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

படிப்பவர் பலர், எழுதுபவர் ஒருவர் என்றால் ரீடர்-ரைட்டர் லாக் போடலாமே என்று தோன்றும். பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அது இல்லை. நாமே எழுதினால், படிப்பவர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க எழுதுபவருக்கு முறையே வராமல் போகும் சிக்கலையும் நாமே தீர்க்க வேண்டும். கான்ஃபிக்குக்காக அந்த உழைப்பு வீண்.

மாற்ற முடியாத நகல், ஒரே அசைன்மென்டில்

இங்கே கான்ஃபிக்கை யாரும் திருத்துவதில்லை. புதிய ஃபைலைப் படித்து, சரிபார்த்து, முழுப் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றைத் தயாரித்து, கடைசியில் ஒரே ஒரு பெயரை அதன் பக்கம் திருப்புகிறோம் (கடை என்பது நடப்புக் கான்ஃபிக்கை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்):

```
கடை.நடப்பு = புதிய_அமைப்பு
```

படிப்பவர் வேலையின் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்துக்கொள்கிறார்:

```
என்_அமைப்பு = கடை.நடப்பு
இணைப்பு = திற(என்_அமைப்பு.முகவரி)
இணைப்பு.உள்நுழை(என்_அமைப்பு.கடவுச்சொல்)
```

ரெஃபரன்ஸைத் திருப்புவது பாதியில் அறுந்து போகாத செயல். படிப்பவருக்கு முழுப் பழையது கிடைக்கும், அல்லது முழுப் புதியது கிடைக்கும். நடுவில் ரீலோட் நடந்தாலும் கையில் இருப்பது மாறாது. பழைய ஆப்ஜெக்ட்டைக் கடைசியாகப் பிடித்திருக்கும் வேலை முடிந்ததும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமாகி மெமரி தானாகத் திரும்பும். படிப்பவருக்கு லாக் இல்லை, காத்திருப்பு இல்லை.

ஆப்ஜெக்ட்டுக்கு ஃப்ரோசன் டேட்டாகிளாஸ் பொருத்தம். ஒரு மதிப்பை மட்டும் மாற்றிப் புதிய நகல் எடுக்க டேட்டாகிளாஸஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் இருக்கிறது. ஆனால் ஃப்ரோசன் என்பது மேல்மட்டத்துக்கு மட்டும். உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அதில் யாரும் அப்பெண்ட் செய்யலாம், பைத்தான் தடுக்காது. லிஸ்டுக்குப் பதில் டியூப்பிள், செட்டுக்குப் பதில் ஃப்ரோசன்செட் வைக்க வேண்டும். டிக்ஷனரிக்கு டைப்ஸ் மாட்யூலின் மேப்பிங்ப்ராக்ஸிடைப் உண்டு. அது ஒரு ஜன்னல்தான், நகல் கிடையாது. பின்னால் இருக்கும் மூல டிக்ஷனரியை யாராவது மாற்றினால் ஜன்னல் வழியாகவும் மாற்றம் தெரியும். முதலில் நகலெடுத்து, அந்த நகலின் மேல் ப்ராக்ஸியை மாட்டி, நகலுக்கு வேறு பெயர் எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.

இந்த வழியில் பெரும்பாலானோர் இடறும் இடம் இம்போர்ட். செட்டிங்ஸ் மாட்யூலிலிருந்து "ஃப்ரம் செட்டிங்ஸ் இம்போர்ட் நடப்பு" என்று எழுதினால், இம்போர்ட் செய்த மாட்யூலில் அந்த நேரத்து ஆப்ஜெக்ட்டுக்குத் தனிப் பெயர் ஒன்று உருவாகிறது. பிறகு செட்டிங்ஸில் பெயரைத் திருப்பினாலும் இங்கே பழையதே நிற்கும். மாட்யூலை முழுதாக இம்போர்ட் செய்து, பயன்படுத்தும் இடத்தில் புள்ளி வைத்து எடுக்க வேண்டும், அல்லது ஒரு ஃபங்ஷன் மூலம் எடுக்க வேண்டும். ஃபங்ஷனின் டிஃபால்ட் ஆர்க்யூமென்ட்டில் கான்ஃபிக் மதிப்பை வைப்பதும் இதே தவறு. டிஃபால்ட் என்பது ஃபங்ஷன் உருவாகும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்படுகிறது. கிளாஸின் இனிட்டில் டைம்அவுட்டைத் தன்னிடம் சேமித்துக்கொள்ளும் நீண்டகால ஆப்ஜெக்ட்களும் அப்படியே. ரீலோட் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த மூன்றையும் தேடுங்கள்.

படிப்பவருக்கு லாக் வேண்டாம், எழுதுபவருக்கு வேண்டும். ஃபைல் ரீலோட் ஒரு பக்கம், அட்மின் ஏபிஐ வழியாக ஃபிளாக் மாற்றுவது இன்னொரு பக்கம் என்றால், இரண்டும் ஒரே பழைய நகலை எடுத்துத் தனித்தனியாக மாற்றி வெளியிடும். கடைசியில் வந்தது முன்னதை அழித்துவிடும். பழையதை எடுப்பது, புதியதைச் செய்வது, வெளியிடுவது ஆகிய மூன்றையும் ஒரே எழுத்து லாக்குக்குள் வையுங்கள். கூடவே ஒரு வடிவமைப்பு விஷயமும் இருக்கிறது. ஏபிஐயில் மாற்றிய ஃபிளாக்கை அடுத்த ஃபைல் ரீலோட் விழுங்கிவிடும். ஃபைலிலிருந்து வந்தவை ஒரு அடுக்கு, ஏபிஐ மாற்றங்கள் மேலே ஒரு அடுக்கு எனப் பிரித்து வைத்து, இரண்டையும் இணைத்து நகலை உருவாக்கினால் இது தீரும்.

புதிய ஃபைல் சரிபார்ப்பில் தோற்றால் என்ன செய்வது என்பதற்கும் இங்கே தெளிவான விடை இருக்கிறது: பெயரைத் திருப்பாதீர்கள். பழையதிலேயே ஓடட்டும், பிழையை லாகில் எழுதுங்கள், தோற்ற ரீலோட்களின் எண்ணிக்கையை மெட்ரிக்காகக் காட்டுங்கள். நேரடி டிக்ஷனரியில் பாதி எழுதிய பிறகு பிழை வந்தால் பின்வாங்க வழியே இல்லை.

கான்ஃபிக்கிலிருந்து பிறக்கும் பொருள்கள், முக்கியமாக, திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல், அந்த நகலோடேயே போக வேண்டும். முதலில் புதிய பூலைத் திறந்து, ஒரு கனெக்‌ஷனாவது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு கான்ஃபிக்கையும் பூலையும் ஒரே ஆப்ஜெக்ட்டில் வைத்து வெளியிடுங்கள். பழைய பூலை உடனே மூடினால் அதைப் பிடித்திருக்கும் வேலைகள் உடையும். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 30 நொடி என்றால் பழைய பூலை 60 நொடி கழித்து மூடலாம்.

க்யூ, ஈவென்ட், கண்டிஷன்

நகலைத் திருப்பி வைத்தால் அடுத்த வேலைக்கு அது தெரியும். ஆனால் 10 நிமிடம் தூங்கிக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்கு, இடைவெளியை 10 நொடியாக மாற்றிய செய்தி 10 நிமிடம் கழித்துத்தான் தெரியும். தூங்கும் த்ரெட்டை எழுப்ப வேண்டியிருந்தாலோ, மாற்றம் வந்த உடனே ஏதாவது செய்தாக வேண்டியிருந்தாலோதான் இந்தக் கருவிகள் தேவை.

ஒரே க்யூவை 16 வொர்க்கரும் பகிர்ந்தால், அதில் போட்ட செய்தி ஒரே ஒரு வொர்க்கருக்குத்தான் போகும். கான்ஃபிக்கை எல்லோருக்கும் சொல்ல ஆளுக்கொரு க்யூ வேண்டும். ஈவென்ட்டிலும் (எல்லா த்ரெட்களும் பார்க்கும் ஆன்/ஆஃப் குறி) இதே மாதிரி ஒரு சிக்கல். முதலில் எழுந்தவர் கிளியர் செய்துவிட்டால், தாமதமாகப் பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. கண்டிஷனும் (காத்திருக்கும் த்ரெட்களை எழுப்பும் கருவி) பதிப்பு எண்ணும் சேர்ந்தது நம்பகமானது: ஒவ்வொரு வெளியீட்டிலும் எண்ணை 1 கூட்டி, நோட்டிஃபை ஆல் அழைக்க வேண்டும். ஒவ்வொரு த்ரெட்டும் தான் கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்து, அதைவிடப் பெரிய எண் வரும்வரை டைம்அவுட்டோடு காத்திருக்க வேண்டும். ஸ்லீப் இருக்கும் இடத்தில் இந்தக் காத்திருப்பை வைத்தால் போதும்.

த்ரெட்டுக்குத் தனிப்பிரதி

த்ரெடிங் மாட்யூலின் லோக்கல், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு தருகிறது. பகிர்வதற்கு எதிரான கருவி இது. த்ரெட் பூலில் ஒருமுறை நிரம்பினால் அந்த த்ரெட் சாகும்வரை பழைய மதிப்பே. இந்தக் கோரிக்கைக்கு மட்டும் டைம்அவுட் 2 நொடி என்பது போன்ற மேலடுக்குக்கு மட்டும் சரி. வேலை முடிந்ததும் அழிக்க மறக்கக் கூடாது.

ஃபைலிலிருந்து மெமரிக்கு

எந்த வழியை எடுத்தாலும், பாதி எழுதிய ஃபைலைப் படித்தால் எல்லாம் வீண். எழுதும் ஸ்கிரிப்ட், அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் பெயரை மாற்ற வேண்டும். அதே டைரக்டரி என்பது முக்கியம். வேறு ஃபைல்சிஸ்டம் என்றால் இந்த மாற்றம் தோல்வியடையலாம். இப்படி மாற்றப்படும் ஃபைலை, லினக்ஸின் ஃபைல் கவனிப்பு வசதியான ஐநோட்டிஃபையால் நேராகக் கவனித்தால், ஒருமுறை மாறியதும் பழைய ஐநோடையே (டிஸ்கில் பழைய ஃபைலின் அடையாளம்) பார்த்துக்கொண்டிருப்பீர்கள். டைரக்டரியைக் கவனியுங்கள். அல்லது 5 நொடிக்கு ஒருமுறை ஃபைலைப் படித்து எஸ்எச்ஏ-256 ஹாஷை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். சில கேபி ஃபைலுக்கு அது ஒரு சுமையே இல்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸில், கான்ஃபிக்கைத் தாங்கும் கான்ஃபிக்மேப்பை வால்யூமாக மவுண்ட் செய்தால் மாற்றம் சிம்லிங்க் வழியாகச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். சப்பாத் (வால்யூமிலிருந்து ஒரு ஃபைலை மட்டும் எடுப்பது) போட்டு மவுண்ட் செய்திருந்தால் வரவே வராது.

ரீலோடில் லாகிங் மாட்யூலின் டிக்ட்கன்ஃபிக்கை அழைப்பவர்கள், டிஸேபிள்-எக்ஸிஸ்டிங்-லாகர்ஸ் என்ற கீயை ஃபால்ஸ் ஆக்குங்கள். டிஃபால்ட் ட்ரூ. புதிய கான்ஃபிக்கில் தன் பெயரோ தன் மேல் லாகரின் பெயரோ வராத லாகர்கள் எல்லாம் முதல் ரீலோடிலேயே மௌனமாகிவிடும்.

கூனிகார்ன் போன்ற பைத்தான் வெப் சர்வர்களில் பல ப்ராசஸ்கள் ஓடுகின்றன. மேலே சொன்ன எல்லாமே ஒரு ப்ராசஸுக்குள் மட்டும் செல்லும். 4 வொர்க்கர் ப்ராசஸ் என்றால் 4 நகல், 4 ரீலோட். ப்ரீலோட் (வொர்க்கர்களைப் பிரிப்பதற்கு முன்பே மாஸ்டரில் கோடை லோட் செய்வது) போட்டு, இம்போர்ட்டிலேயே கவனிப்பு த்ரெட்டைத் தொடங்கியிருந்தால் இன்னும் மோசம்: ஃபோர்க் (ப்ராசஸை நகலெடுத்துக் குழந்தை ப்ராசஸ் உருவாக்குவது) செய்யும்போது அழைத்த த்ரெட் மட்டுமே குழந்தை ப்ராசஸுக்குப் போகிறது, கவனிப்பு த்ரெட் மாஸ்டரில் மட்டும் உயிரோடு இருக்கும். அந்த நேரம் அது ஒரு லாக்கைப் பிடித்திருந்தால், குழந்தையில் அந்த லாக் யாராலும் விடப்படாமல் பூட்டியே கிடக்கும். போஸ்ட்-ஃபோர்க் ஹூக்கில் த்ரெட்டைத் தொடங்குங்கள். நிமிடத்துக்குள் மாற்றம் வந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லாவிட்டால், ப்ரீலோட் போடாதபோது மாஸ்டருக்குச் சிக்ஹப் அனுப்பி வொர்க்கர்களையே புதிதாக எழுப்புவது இன்னும் எளிது.

சோதிக்கும்போது

பைத்தான் 3.10 முதல், சிபைத்தான் த்ரெட் மாறலாமா என்பதை ஒவ்வொரு பைட்கோட் வரியிலும் பார்ப்பதில்லை. ஃபங்ஷன் அழைப்பிலும் லூப் பின்னால் திரும்பும் இடத்திலும்தான் பார்க்கிறது. அதனால் ஒரு எண்ணில் 1 கூட்டும் பழைய பாடப்புத்தகச் சோதனை இன்று தவறே காட்டாது. அதை வைத்து "பைத்தானில் இது பாதுகாப்பு" என்று முடிவு செய்துவிடக் கூடாது. நடுவே ஒரு ஃபங்ஷன் அழைப்பு வந்தால் பிழை திரும்பி வரும். பெப் 703 (பைத்தானுக்கான மாற்ற முன்மொழிவு) வழியாக வந்த ஜிஐஎல் இல்லாத பில்ட், 3.13-இல் பரிசோதனையாகத் தொடங்கி 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றுவிட்டது. டிஃபால்ட் இன்னும் பழையதுதான். புதிய பில்டில் டிக்ஷனரியின் உள்ளமைப்பு கெடாது, ஆனால் இரண்டு படிப்புகளுக்கு நடுவே விழும் பிளவு இன்னும் தாராளமாகத் திறக்கும்.

சோதனை இப்படி: "அ" என்ற கான்ஃபிக்கில் முகவரி 1, கடவுச்சொல் 1, "ஆ" என்பதில் இரண்டுமே 2. ஒரு த்ரெட் இரண்டையும் மாற்றி மாற்றி வெளியிடட்டும். நான்கு த்ரெட்கள் முகவரியைப் படித்து, நடுவே ஒரு வெற்று ஃபங்ஷனை அழைத்து, கடவுச்சொல்லைப் படித்து, இரண்டும் சமமா என்று பார்க்கட்டும். சிஸ் மாட்யூலின் செட்ஸ்விட்ச்இன்டர்வல் மூலம் த்ரெட் மாறும் இடைவெளியை, வழக்கமான 5 மில்லி நொடியிலிருந்து 1 மைக்ரோ நொடிக்குக் குறையுங்கள். நேரடி டிக்ஷனரியும் கீக்குக் கீ லாக் போட்டதும் இதில் தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு. நகலைத் திருப்பும் வடிவத்தை அதே சோதனையில் விட்டு, வேலையின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் எடுக்கும் வரியை வேண்டுமென்றே உடைத்து, இரண்டு இடத்திலும் கடை.நடப்பு என்று எழுதிப் பாருங்கள். அதுவும் தோற்கும். உங்கள் கோடில் ஒரே ஃபங்ஷனுக்குள் கடை.நடப்பு இரண்டுமுறை வரும் இடங்களை அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள்.